கடுமை மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் மீது 1919-ல் சுமத்தப்பட்ட வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்டனை கடுமையாக இருந்தது, அதனால் ஹிட்லர் வந்தான் என்பதுதான் அதன் சாரம். முப்பது ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்த நானும் இதைத்தான் மாணவர்களுக்கு நோட்ஸாகச் சொல்லி எழுத வைத்தேன். ஐந்து மதிப்பெண் நிச்சயம். ஆனால் ஓய்வுபெற்றபின் நிதானமாகப் படிக்கப் படிக்க, அந்த விடைக்கு நானே மூன்று மதிப்பெண்தான் போடுவேன் என்று தோன்றுகிறது.

1871-ல் தோற்ற பிரான்ஸின் மீது ஜெர்மனி 500 கோடி பிராங்க் இழப்பீடு சுமத்தியது. அல்சேஸும் லொரைனின் ஒரு பகுதியும் பறிபோயின. பிரான்ஸ் 1873-லேயே கடனைத் தீர்த்து, அந்நியப் படையை வெளியே அனுப்பியது. வன்மம் ஆறவில்லைதான், இருந்தும் 1914 வரை இரு நாடுகளும் மோதிக்கொள்ளவில்லை.

1919-ல் வேலி போட்டார்கள், காவலுக்கு ஆள் வைக்கவில்லை. அமெரிக்க செனட் உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. ஜெர்மனி தாக்கினால் துணைக்கு வருவோம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் பிரான்ஸுக்குக் கொடுத்த வாக்குறுதியும் அதோடு போயிற்று. 1936 மார்ச் 7 அன்று, உடன்படிக்கைப்படி படை நிறுத்தக் கூடாத ரைன்லாந்துக்குள் ஜெர்மன் படை நுழைந்தபோது எதிர்த்து ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒன்றுதான் என்னை எழுத வைத்தது: செவ்ரெஸ் உடன்படிக்கை. 1920 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் அருகே ஒரு பீங்கான் தொழிற்சாலையின் காட்சிக்கூடத்தில் கையெழுத்தானது. (இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ!) அதே போரில் ஜெர்மனியின் பக்கம் நின்று தோற்ற உதுமானிய (துருக்கிய) பேரரசைக் கூறுபோட்ட இது, என் கணக்கில் வெர்செய்ல்ஸைவிடக் கடுமையானது. உதுமானிய சுல்தானைக் கலீபாவாக மதித்த இந்திய முஸ்லிம்களின் கிலாபத் இயக்கத்தின் வழியாக நம் ஊரிலும் அந்தச் சூடு பரவியது. கையெழுத்தாகி இரண்டு நாள் கழித்து காந்தி சென்னைக் கடற்கரையில் ஒத்துழையாமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கையெழுத்திட்டது சுல்தானின் அரசு. அங்காராவிலிருந்த துருக்கிய தேசியவாதத் தலைவர் முஸ்தபா கமால் அதை ஏற்கவே இல்லை. 1922-ல் கிரேக்கப் படையை அவர் அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) விரட்டியபின், வென்றவர்கள் மறுபடி பேச உட்கார வேண்டியதாயிற்று. இம்முறை துருக்கியும் சரிசமமாக அமர்ந்து பேரம் பேசியது. 1923 ஜூலை 24 அன்று உருவான லாசேன் உடன்படிக்கையின் எல்லைகள் பெரும்பாலும் இன்றுவரை நிற்கின்றன. வெர்செய்ல்ஸில் ஜெர்மனிக்கு இப்படி ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. எழுதி முடித்த காகிதத்தைத்தான் நீட்டினார்கள்.

லாசேனை நான் கொண்டாடவில்லை. அதையொட்டிய மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம், அனத்தோலியாவின் கிரேக்கக் கிறிஸ்தவர்களையும் கிரீஸின் முஸ்லிம்களையும் மதத்தை மட்டும் பார்த்து இடம் மாற்றியது. ஏற்கெனவே தப்பியோடியவர்களையும் சேர்த்தால் வீடிழந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

மேசையில் இடம் கிடைக்காதவர்கள் இன்னும் உண்டு. செவ்ரெஸில் 62 முதல் 64 வரையிலான பிரிவுகள் குர்துகளுக்குத் தன்னாட்சியும், பின்னர் தனிநாட்டுக்கான வாய்ப்பும் பேசின. லாசேனின் 143 பிரிவுகளில் குர்து என்ற சொல்லே கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்