யோக்யகர்த்தாவுக்குப் புறப்பட்ட டக்கோட்டா: மரபுடைமைத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மரபுடைமைக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கும் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

1947ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி ஒரு டக்கோட்டா விமானம் சிங்கப்பூரிலிருந்து யோக்யகர்த்தாவுக்குப் புறப்பட்டது. மலாயாச் செஞ்சிலுவைச் சங்கம் இந்தோனேசியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பிய மருந்துப் பொருள்கள் அதில் இருந்தன. மகுவோ விமானத்தளத்தில் தரையிறங்கும் நேரத்தில் இரண்டு டச்சுப் போர் விமானங்கள் அதைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். மாண்டவர்களில் ஆதிசுசிப்தோ, அப்துல்ரஹ்மான் சாலே, ஆதிசுமார்மோ ஆகிய மூவரின் பெயர்களை இன்று யோக்யகர்த்தா, மாலாங், சோலோ விமான நிலையங்கள் தாங்கியிருக்கின்றன. விமானத்தை ஓட்டியவர் கான்ஸ்டன்டைன் என்ற ஆஸ்திரேலியர். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர். அவருடைய மனைவியும் ஓர் இந்தியப் பொறியாளரும் உடன் இறந்தனர். விடி-சிஎல்ஏ என்ற பதிவெண் கொண்ட அந்த விமானம் ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக்குக்குச் சொந்தமானது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

இந்தோனேசிய விமானப்படை ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறது. பயணம் தொடங்கிய ஊரில் வாழும் நாமும் அதை நினைவுகூர வேண்டும் என்பதும், அந்த விமானத்தின் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய வாழ்க்கையைப் பாதியில் வெட்டிவிடக் கூடாது என்பதும் இம்மடலின் வேண்டுகோள்கள். முதலாவதைக் காட்டிலும் இரண்டாவதைப் பற்றியே அதிகம் எழுத விரும்புகிறேன்.

கட்டாக்கில் 1916ஆம் ஆண்டு பிறந்த பிஜு, ராவென்ஷா கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் நிறுவனத்தில் விமானியாக இருந்தவர், போர் வந்ததும் படைத்துறைப் போக்குவரத்து விமானங்களை ஓட்டினார். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனை நெருங்கியபோது அங்கிருந்து பிரிட்டிஷ் குடும்பங்களை வெளியேற்றிய விமானிகளில் அவரும் ஒருவர். அந்த விமானங்களில் இடம் கிடைக்காத இந்தியர்கள், அவர்களுள் எண்ணற்ற தமிழர்கள், அராக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகக் கடந்து, பலர் வழியிலேயே மாண்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிஜுவின் வீரத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை. ஆனால் அதே மனிதர்தான் வெள்ளைக்காரரின் சம்பளத்தில் பறந்துகொண்டே விடுதலைப் போராட்டத்தின் துண்டறிக்கைகளை இந்தியச் சிப்பாய்களுக்கு வானிலிருந்து போட்டார். தலைமறைவாக இருந்த காங்கிரஸ்காரர்களைத் தம் விமானத்தில் ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்த்தார். அதற்காகச் சிறையும் சென்றார்.

போர் முடிந்தபோது உபரியாக நின்ற டக்கோட்டாக்கள் ஏராளம். பத்தாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட அந்த வகை விமானங்கள் மலிவு விலைக்கு வர, இந்தியாவில் புதிய விமான நிறுவனங்கள் அடுத்தடுத்து முளைத்தன. பிஜுவின் கலிங்கா ஏர்லைன்ஸ் அவற்றில் ஒன்று. வீரக்கதையாகச் சொல்லும்போது நாம் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் இடம் இதுதான். 1947 ஜூலையில் டச்சுப் படை இந்தோனேசியக் குடியரசின்மீது தாக்குதல் தொடங்கியபோது, சில வாரங்களுக்கு முன்புவரை அந்நாட்டின் பிரதமராக இருந்த சுதான் ஷாரிரை ஜாவாவிலிருந்து வெளியே கொண்டுவரும்படி நேரு கேட்டுக்கொண்டார். பிஜுவால் மனைவி ஞானையும் அழைத்துக்கொண்டு தாமே டக்கோட்டாவை ஓட்டிச் சென்று ஷாரிரைச் சிங்கப்பூர் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுசேர்க்க முடிந்ததென்றால், அவரிடம் சொந்த விமானம் இருந்ததும், அதை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கே இருந்ததும்தான் காரணம். ஷாரிர் அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் தம் நாட்டுக்காக வாதாடினார். மருந்து ஏற்றிய விடி-சிஎல்ஏவும் அந்த நிறுவனத்தின் விமானம்தான். முதலாளி பிஜு இல்லாவிட்டால் வீரர் பிஜுவுக்கு ஏற விமானம் இருந்திருக்காது.

பிறகு அவர் என்ன செய்தார் என்பதைப் பலரும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள். கட்டாக்குக்கு எதிர்க்கரையில், மகாநதிக்கு அப்பால், சௌத்வார் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே துணி ஆலையும் இரும்புக் குழாய் செய்யும் கலிங்கா டியூப்ஸ் தொழிற்சாலையும் எழுந்ததில் அவருடைய பங்கு பெரிது. வேலை தேடிக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்த மாநிலத்தில் அவை எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. 1953இல் இந்திய அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது கலிங்கா ஏர்லைன்ஸும் கைவிட்டுப் போனது. அதற்குள் அவர் யுனெஸ்கோ வழியாக அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வோருக்கான கலிங்கப் பரிசை ஏற்படுத்தியிருந்தார். 1952 முதல் அது வழங்கப்படுகிறது. ஓர் ஆலை முதலாளிக்கு அறிவியல் எழுத்தாளர்கள்மீது இவ்வளவு அக்கறை வந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

1961இல் ஒடிசாவின் முதலமைச்சரானார். பாராதீப் துறைமுகத்துக்காகப் பிடிவாதமாக நின்று, 1962 ஜனவரியில் நேருவை அடிக்கல் நாட்ட வைத்தார். 1963இல் காமராசர் திட்டத்தின்கீழ், காமராசரோடு சேர்ந்து பதவி விலகிய முதலமைச்சர்களில் அவரும் ஒருவர். அரசாங்கம் அவருடைய குடும்ப நிறுவனங்களுக்குச் சலுகை காட்டியது என்ற குற்றச்சாட்டு எழுந்ததும், பின்னர் நீதிபதி கன்னா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே வாழ்க்கையின் பகுதிகளே. நெருக்கடி நிலையின்போது சிறையில் இருந்தார், மத்திய அமைச்சரானார், 1990இல் மீண்டும் முதலமைச்சராகி ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கினார். 1997இல் மறைந்தார்.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், காட்சிக்கூடங்களில் வீரர்களுக்கு ஒரு சுவர், வணிகர்களுக்கு ஒரு சுவர், சமூகத் தலைவர்களுக்கு ஒரு சுவர் என்று பிரித்து வைப்பது எளிது. பார்க்க வருபவருக்கும் வசதி. இப்படிப்பட்ட வாழ்க்கை அந்தப் பிரிவினைக்குள் அடங்காது. விமானியின் சீருடையை மட்டும் வைத்தால் ஆலையின் கணக்குப் புத்தகம் வெளியே போய்விடும். கொடைகளை மட்டும் வைத்தால் விசாரணை ஆணையம் வெளியே போய்விடும். சிராங்கூன் சாலையில் கடை வைத்து உயர்ந்து, பெருமாள் கோயில் திருமண மண்டபத்துக்குக் கொடையளித்த பி. கோவிந்தசாமிப் பிள்ளையை நம் ஊர் நினைவில் வைத்திருப்பது கடை முதலாளியாகவும் கொடையாளராகவும் சேர்த்துத்தான். அந்த முறையைப் பிஜுவுக்கும் பின்பற்றலாம்.

அவர் தமிழர் இல்லையே, சிங்கப்பூர்வாசியும் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நிலையத்தின் பெயரில் இருப்பது ‘இந்திய’ என்ற சொல். சிந்தி இனத்தவருக்கும் மலையாளிக்கும் சீக்கியருக்கும் இடமுள்ள கூடத்தில், இந்த ஊர் வழியாக அண்டை நாட்டுக்கு மருந்து கொண்டுசென்று தன் விமானத்தை இழந்த ஒடியாக்காரருக்கு இடம் இருக்கக் கூடாதா?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. 1937இல் திறக்கப்பட்ட காலாங் விமானத்தளம்தான் அந்த ஆண்டுகளில் நம் பயணிகள் விமானத்தளம். அதன் முனையக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இன்னும் நிற்கிறது. மக்கள் கழகத்தின் தலைமையகமாக நெடுங்காலம் இருந்ததால் நம்மில் பலர் அந்த வாசலில் கால் வைத்திருக்கிறோம். பக்கத்தில் டக்கோட்டா கிரசெண்ட் இருக்கிறது. பெருவிரைவு நிலையத்துக்கும் அதே பெயர். விமானத்தளத்தின் கதையைச் சொல்லும் இடங்களில், 1947 ஜூலைப் பயணங்களுக்கும் ஒரு பலகை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வைக்கப்பட வேண்டும். இந்திய மரபுடைமை நிலையம் இந்தோனேசியத் தூதரகத்தோடும் இங்குள்ள ஒடியா சமூகத்தாரோடும் சேர்ந்து ஒரு சிறு கண்காட்சி நடத்தலாம். கல்கத்தா விமான நிலையத்தில் துருப்பிடித்துக் கிடந்த பிஜுவின் டக்கோட்டா ஒன்றை 2023 ஜனவரியில் பகுதி பகுதியாகப் பிரித்து, லாரிகளில் ஏற்றி, புவனேஸ்வரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை மட்டும் தொண்ணூற்றைந்து அடி. அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, படங்களும் ஆவணங்களும் போதும்.

வாய்மொழி வரலாற்று நிலையத்தாருக்கும் இம்மடலின் படியை அனுப்புகிறேன். 1947இல் காலாங்கில் வேலை பார்த்த தமிழர்களின், செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணமோ மருந்தோ கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் கேட்டதைப் பதிவுசெய்யும் வேலைக்குத் தமிழ் பேசும் தொண்டூழியர்கள் தேவைப்பட்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 2027 ஜூலை 29ஆம் தேதியோடு அந்தப் பயணத்துக்கு எண்பது ஆண்டு நிறைகிறது. பலகையும் கண்காட்சியும் அந்த நாளுக்குள் முடியும்படி திட்டமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய விமான நிலையச் சாலை வட்டாரவாசி ஒருவர்