சக்கரம் தரை தொட்டதும் எழலாமா?

ஆசிரியருக்கு,

சென்னையில் விமானத்தின் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டதுமே பெல்ட் கழலும் சத்தம் கேட்கிறது. அப்புறம் மேல்பெட்டியைத் திறந்து டிராலி பையை இழுக்கிறார்கள். விமானி சட்டென்று பிரேக் போட்டால் அந்தப் பை உட்கார்ந்திருப்பவர் தலையில்தான் விழும். பணிப்பெண்களும் அப்போது பெல்ட் போட்டு அமர்ந்திருக்க வேண்டும். எழுந்து வந்து தடுக்கச் சொல்வது தவறு. மைக்கில் வரிசை எண்ணைச் சொல்லி, தமிழிலேயே கண்டிப்பாக உட்காரச் சொல்லட்டும். கேட்காவிட்டால், ஓடுபாதையை விட்டு விலகியதும் விமானி விமானத்தை நிறுத்தி வைக்கட்டும். துருக்கி 2025-இல் இப்படி முன்கூட்டியே எழுபவர்களுக்கு அபராதம் அறிவித்தது. நம் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிஜிசிஏவின் 2017 விதிகளிலும் அடங்காத பயணிகள் பறக்கத் தடை விதிக்க வழி இருக்கிறது. எச்சரித்தும் எழுபவர்களிடம் அதைப் பயன்படுத்த நிறுவனங்கள் தயங்கக் கூடாது.

ஒரு வாசகர்,
சென்னை