‘காலத்துக்கும் தீரும்’ என்று போட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் ‘மரபணுவைத் திருத்தும் புரதம்: ஒரே ஊசியில் பரம்பரை நோய் காலத்துக்கும் தீரும்’ என்று போட்டிருந்தீர்கள். அன்று மாலையே நாத்தனார், சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று வரிசையாகப் போன். “உன் பொண்ணுக்கு மருந்து வந்துடுச்சாமே!”

என் மகளுக்கு ஒன்பது வயது. ரெட் சிண்ட்ரோம்; மரபணுப் பிழையால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் நோய். ஒரு வயதில் ‘அம்மா’ என்று கூப்பிட்டவள், ஒன்றரை வயதுக்கு அப்புறம் கூப்பிடவில்லை. நாள் முழுக்க இரண்டு கையையும் பிசைந்துகொண்டே இருப்பாள். விரல் இடுக்கெல்லாம் புண். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் புரதம் மரபணுவைத் தொடுவதே இல்லை, ஐயா. மரபணுவைப் பார்த்து செல் எடுக்கிற நகலான ஆர்.என்.ஏ.வைத்தான் திருத்துகிறது. நகல் சீக்கிரமே சிதைந்துவிடும். அடுத்த நகல் பழைய பிழையோடுதான் வரும். புரதம் செல்லுக்குள் இருக்கும்வரைதான் திருத்தம். தப்பாகத் திருத்தினாலும் அது நிலைக்காது என்பதுதான் இதில் பெரிய நல்ல விஷயம். அதை நீங்கள் எழுதவே இல்லை.

மரபணுவும் அதன் நகலும் ‘ஏ’, ‘ஜி’, ‘சி’ போன்ற சில வேதி எழுத்துகளால் ஆனவை. 2017-ல் அமெரிக்காவில் ஃபெங் ஜாங் என்ற விஞ்ஞானியின் குழு, ஆர்.என்.ஏ.வில் குறித்த இடத்தைத் தேடிப்போகும் கேஸ்13 புரதத்தோடு, எழுத்தை மாற்றும் அடார் என்ற நொதியை இணைத்துச் செய்த கருவி, ‘ஏ’ எழுத்தை மட்டும் மாற்றும். செல் அதை ‘ஜி’ என்று படிக்கும். அதே ஆண்டு அங்கேயே ஓரிகன் மாநிலத்தில் கெயில் மாண்டல் என்ற விஞ்ஞானியின் குழு அடாரை வைத்து ரெட் பிழை ஒன்றையே சரிசெய்தது. ஆனால் எலியின் நரம்பு செல்லில், ஆய்வகத்தில். என் மகளின் மரபணு ரிப்போர்ட்டில் ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. ‘ஏ’-வை மாற்றும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. இதைச் சொன்னதும் சித்தி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

‘பரம்பரை’ என்ற சொல்லும் சுட்டது. ரெட் அநேகமாக எப்போதுமே புதிதாக உண்டாகும் பிழை. இரண்டு வருடம் முன்பு உங்கள் கேள்வி-பதிலில் ‘சொந்தத்தில் கட்டினால் வரும்’ என்று வந்தது. நான் அத்தை மகனைக் கட்டியவள். மாமியார் அதைச் சத்தமாகப் படித்தார். அப்போது எழுதிய கடிதம் வரவில்லை. அதற்கும் முன்னால் ஸ்டெம் செல் பற்றி வந்ததை நம்பி, நகையை வைத்து ஓர் ஊருக்கு அலைந்தோம். அது இன்னும் மீளவில்லை.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘மரபணு அல்ல, ஆர்.என்.ஏ.; காலத்துக்கும் அல்ல’ என்று ஒரு வரி போடுங்கள். சித்திக்குக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், திண்டுக்கல்