மரபணு இயந்திரத்துக்கு முன் வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

நோய்க்கிருமிகளின் மரபணுவை வாசிக்கும் இயந்திரம் மட்டக்களப்புக்கும் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வேண்டியதுதான். ஆனால் நுண்துளைகள் வழியே மரபணுவை வாசிக்கும் கையடக்க நனோபோர் கருவியை வாங்குவது எளிது, வைத்துக் காப்பது கடினம். அதில் பொருத்தும், அத்துளைகள் உள்ள கலத்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் அதன் துளைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். கூடவரும் நொதிகளுக்கு மறை 20 பாகை. மாரி காலத்து மின்வெட்டு ஒன்றே போதும், எல்லாம் வீண்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பயிலும் மாணவருக்கு இன்றே கற்பிக்கக்கூடியது, பிறர் வாசித்து வைத்த மரபணுத் தரவைப் பகுப்பாய்வது. தரவு பொதுக் களஞ்சியங்களில் இலவசம். ஒரு பக்டீரியாவின் தரவுக்கு 16 ஜிகாபைட் நினைவகமும் லினக்ஸும் உள்ள கணினி போதும்.

பாடத்துக்கு மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பக்டீரியாவை எடுக்கலாம். நம் வயல் மண்ணில் வாழ்வது. மழைக்குப் பின் ஆட்களைப் படுக்கையில் தள்ளுவது. கிழக்கில் கடும் மழைக்குப் பின் கூட்டமாக வந்த நோயாளிகளில், குருதி வளர்ப்பில் உறுதியான 10 பேரை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளியானது. நால்வரின் கிருமி 594 என்ற ஒரே வகை. ஏழு மரபணுக்களை வைத்துத் தரும் அந்த எண்ணோடு நிறுத்தியிருந்தால் ஒரே ஊற்றைத் தேடி அலைந்திருப்போம். முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட்டபோது, நோய் ஒரே கிருமியிலிருந்து பரவியதல்ல என்று தெரிந்தது.

இக்கிருமியின் மரபணுத்தொகுதி சுமார் 72 இலட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி), இரு நிறமூர்த்தங்களில். ஒவ்வோர் எழுத்தையும் சராசரி 50 தடவை வாசிக்க 36 கோடி எழுத்துகள் வேண்டும். ஒவ்வொரு துண்டையும் இரு முனையிலிருந்தும் 150 எழுத்து வாசிப்பதாயின் 12 இலட்சம் சோடி. சிக்கல் என்னவென்றால், எழுத்துகளில் 68 வீதம் ஜியும் சியும். வாசிக்குமுன் டி.என்.ஏ.வைப் பெருக்கும் படிமுறையில் ஜியும் சியும் மிகுந்த பகுதிகள் சரியாகப் பெருகாது. சராசரி 50 என்று காட்டும், ஓரிடத்தில் ஐந்து தடவைகூட இராது. சராசரியை நம்பும் மாணவர் "இந்த மரபணு இல்லை" என்று எழுதிவிடுவார். இந்நோய்க்குக் கொடுக்கும் செப்டசிடிம் மருந்து தாக்கும் புரதத்தின் மரபணு அழிந்ததாலேயே அம்மருந்து பலிக்காமல் போன நோயாளிகள் தாய்லாந்தில் இருந்திருக்கிறார்கள். ஆகவே இது சின்னப் பிழையல்ல.

இன்னொன்று, இக்கிருமிகள் தமக்குள் மரபணுத் துண்டுகளைத் தாராளமாக மாற்றிக்கொள்பவை. அத்துண்டுகளை முதலில் கணக்கிலிருந்து மறைக்காமல், எந்தக் கிருமி எதற்கு நெருக்கம் என்று காட்ட வரையும் உறவு மரம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கணினிக்கு வருமுன்பே தரவு கெடும் இடம் வளர்ப்புத் தட்டு. 24 மணித்தியாலத்தில் சிறு புள்ளிகளாகவே தெரியும் கிருமியைச் "சூடோமோனாஸ் (வேறொரு பக்டீரியா), மாசு" என்று எறிந்துவிட்டால் வாசிக்க ஒன்றும் மிஞ்சாது. ஜென்டமைசின் மருந்து கலந்த, இக்கிருமியைப் பிரித்தெடுக்கும் ஆஷ்டவுன் ஊடகத்தில் இட்டு, சில நாள் பொறுத்து, சுருங்கிய ஊதாக் குடியிருப்புகளைப் பார்க்க வேண்டும். தட்டைத் திறப்பது பாதுகாப்புப் பெட்டகத்துள் மட்டும். எடுத்த திகதியும் நோயாளியின் கிராமசேவகர் பிரிவும் எழுதப்படாத மாதிரியால் பரவலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பரீட்சையில் மரம் வரையச் சொல்லாமல், ஈ.கோலை என்ற வேறு பக்டீரியாவின் தரவும் கலந்த கோப்பு ஒன்றைக் கொடுத்து "இதைப் பயன்படுத்தலாமா?" என்று கேட்கலாம். ஜி, சி வீதத்தைக் காட்டும் வரைபடத்தில் 68 வீதத்தில் ஒரு மேடும் 51 வீதத்தில் இன்னொன்றும் தெரியும். துண்டுகளைக் கோத்த மொத்த நீளம் 72 இலட்சம் எழுத்து வரவேண்டிய இடத்தில் 120 இலட்சம் வரும். அதைக் கண்டு வேலையை நிறுத்தும் மாணவருக்கே முழுப் புள்ளி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நுண்ணங்கியியல் கற்பிப்போர் சிலர்,
மட்டக்களப்பு.