‘ஆம்’ என்று எழுதிய கோப்பு எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகள் சந்தைக்கு வரவேண்டும் என்று எல்லாரும் பேசுகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் மருந்தைச் சோதிக்கிற பேராசிரியருக்கே அந்த மருந்துக் கம்பெனியில் பங்கு இருந்தால் அதை யார் கவனிப்பது? கோலாலம்பூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவில் கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் உண்டு. இந்த ஆய்வால் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ பண ஆதாயம் உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். பெரும்பாலும் ‘இல்லை’யில்தான் கோடு விழும். கோப்பில் சேர்த்து அலமாரியில் வைத்துவிடுவோம். ஒருமுறை ஒரு டாக்டர் நேர்மையாக ‘ஆம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதை யாருக்கு அனுப்புவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. டீனிடம் போனது, சட்டப் பிரிவுக்குப் போனது, அறநெறிக் குழுவுக்குப் போனது. கடைசியில் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற குறிப்போடு என் மேசைக்கே திரும்பி வந்தது. முடிவு என்று எதுவும் இல்லை. இடையில் அந்த டாக்டர்தான் ஆளாளுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்து அலைந்தார். அதைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த முறை எந்தக் கட்டத்தில் கோடு போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மரபணுச் சிகிச்சைச் சோதனை ஒன்றில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் இறந்துபோனான். அந்த ஆய்வுக் கூடத்தின் தலைவர் தொடங்கிய கம்பெனி ஜெனோவோ. அதில் அவருக்கும் பங்கு, பல்கலைக்கழகத்துக்கும் பங்கு. சாவுக்குப் பணம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று: பண ஆதாயம் இருக்கிறது என்ற வரி, சோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் ஒப்புதல் தாளிலேயே இருந்தது. எவ்வளவு பங்கு, அதனால் என்ன ஆகலாம் என்று அந்த ஒரு வரியிலிருந்து பையனுக்கு என்ன விளங்கியிருக்கும்?

அங்கே அரசின் சுகாதார நிதி வாங்கும் ஆய்வுகளுக்கு 1995-இல் விதி வந்தது; 2011-இல் அதை இறுக்கினார்கள். எவ்வளவுக்கு மேல் ஆதாயம் இருந்தால் சொல்லவேண்டும் என்ற வரம்பு 10,000 டாலரிலிருந்து 5,000 ஆனது. மனைவி, பிள்ளைகள் பெயரில் இருப்பதும் கணக்கில் சேரும். (நம் ஊரில் மனைவி பெயரில் ஓடும் சென்டிரியான் பெர்ஹாட்கள், அதாவது தனியார் கம்பெனிகள், ஞாபகத்துக்கு வருகின்றன.) படிவம் வாங்கியதோடு வேலை முடியாது. சிக்கல் இருந்தால் நிறுவனம் எழுத்தில் ஒரு திட்டம் போடவேண்டும். பங்குள்ளவர் நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது, தரவை வேறொருவர் ஆராயவேண்டும், இல்லாவிட்டால் பங்கை விற்கவேண்டும் என்பதுபோல. விவரத்தை இணையத்தில் போடவேண்டும்; அல்லது கேட்பவருக்கு 5 வேலை நாளில் பதில் தரவேண்டும். இங்கே எத்தனை நாளில் பதில் வரும்?

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. காலையில் மைலோ போன்ற மால்ட் பானம் குடிக்கும் பிள்ளைகள் கூடுதல் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள் என்று சொன்ன மலேசிய ஆய்வுக்கு, மைலோவைத் தயாரிக்கும் நெஸ்லேயின் பணம் வந்ததை 2017 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. கம்பெனி பணம் வாங்கிய ஆய்வெல்லாம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பிள்ளைக்கு மைலோ கலக்கும் தாய்க்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை.

அப்புறம், மாணவர்கள். நம் பிள்ளைகள் நிறையப் பேர் மாஸ்டர்ஸ், பிஎச்டி என்று சேர்கிறார்கள். மேற்பார்வையாளருக்குச் சொந்தமாக ஒரு கம்பெனி இருந்தால், காப்புரிமை பதிவாகும்வரை முடிவை வெளியே சொல்லாதே என்பார். பட்டம் தள்ளிப்போகும், கல்விக் கடன் நிற்காது. சில சமயம் பிள்ளை பார்ப்பது ஆய்வா, கம்பெனி வேலையா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டால் கையெழுத்துக் கிடைக்காதோ என்ற பயம். எங்கள் முகப்பில் வந்து மெல்லிய குரலில் விசாரித்துவிட்டு, எதையும் எழுதித் தராமலே போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எனவே பல்கலைக்கழகத் தலைமைக்கு என் கோரிக்கை. அந்தப் படிவங்களைப் படித்து முடிவெடுக்க ஒரு குழு வேண்டும். அதில் பல்கலைக்கழகத்தின் சம்பளம் வாங்காத ஒருவராவது இருக்கவேண்டும், ஏனென்றால் சில கம்பெனிகளில் பல்கலைக்கழகமே பங்குதாரர். ‘இல்லை’ என்று எழுதியவர்களையும் அவ்வப்போது சரிபாருங்கள். கம்பெனிப் பதிவு ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டினால் இயக்குநர் பெயர், பங்குதாரர் பெயர் எல்லாம் கிடைக்கும். மருத்துவமனையில் நோயாளிக்குக் கொடுக்கும் ஒப்புதல் தாளில் யார் பணம், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முதல் பக்கத்திலேயே, தமிழிலும் மலாயிலும் அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராணி,
செந்தூல், கோலாலம்பூர்