லயத்துப் படத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

எங்கள் குறும்படத்தைப் போன மாதம் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) போட்டுக் காட்டினோம். இன்னொரு பையனை விரும்புகிறான் என்பதற்காக ஒரு பையனை லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் போட்டு அடிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் படத்தின் கடைசியில் பெயர்ப் பட்டியலே இல்லை. யார் யாரென்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

முதலில் தலவாக்கலைத் தம்பிக்கு. அடிக்கிற காட்சியை எப்படி எடுப்பது என்று நாங்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது, அடி வாங்கிய அவர்தான் வழி சொன்னார். “அடிச்சவன் முகம் எனக்குச் சரியா ஞாபகமில்லண்ணே. இஸ்தோப்புல நின்னு பாத்தவங்க முகம் ஒவ்வொன்னும் ஞாபகமிருக்கு.” அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. கெமராவை இஸ்தோப்பு, அதாவது வீட்டுத் திண்ணை, பக்கம் திருப்பினோம். அடி சத்தத்தில் மட்டும் கேட்கும். இரத்தத்தைக் காட்டினால் பார்க்கிறவர் ‘நான் இவ்வளவு மோசமான ஆளில்லை’ என்று ஒதுங்கிக்கொள்வார். வேடிக்கை பார்க்கிறவரைக் காட்டினால் அப்படி லேசில் ஒதுங்க முடியாது.

அந்த இஸ்தோப்பில் நின்ற அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்வது? பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு, கால் வலியோடு வந்து நின்றீர்கள். அதில் ஒரு அக்கா பொத்திய கைக்குள் சிரித்துவிட்டார். “சிரிப்பு வந்திருச்சு தம்பி, அத வெட்டிருங்க” என்று கேட்டவரிடம் வெட்ட வேண்டாமே என்று கெஞ்சினோம். வீட்டில் பேசிவிட்டு, சரி இருக்கட்டும் என்றார். படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ஏனென்றால் மடுவத்திலும் அதே சிரிப்பு வந்தது. பையன் நடந்து வருகிற முதல் காட்சியிலேயே முன்வரிசை இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நளினமாக நடக்கிற ஆணைக் காமெடி ட்ராக்கில் கொண்டுவந்து, கன்னத்தில் அறைந்து, அந்த அறைக்கும் ஒரு மியூசிக் போட்டுக் காட்டிய தமிழ்ப் படங்களைப் பார்த்துத்தானே எல்லோரும் வளர்ந்தோம்? அடி விழுவதற்கு முன்பே சிரிப்பு தயாராக இருக்கிறது.

அந்த இடத்தில் எழுந்து நின்ற காமன் கூத்து வாத்தியாருக்குத் தனியாக ஒரு கும்பிடு. “மாசியில ரதி வேசம் கட்டி ஆடுறவன் யாரு? ஆம்பளதானே? காமன் எரிஞ்சு ரதி அழுறப்ப சிரிப்பீங்களாடா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ரதி வேறு, இது வேறு என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தது கேட்டது. அதையும் பேசியிருக்கலாம், கரண்ட் போய்விட்டது.

படம் முடிந்ததும் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, “அவன் ஏன் சாகல?” என்பதுதான். செத்திருந்தால்தான் பாவமாக இருந்திருக்குமாம். இதை எதிர்பார்த்தவர் எங்கள் டீச்சர். அமெரிக்கரான விட்டோ ரூசோ 1981இல் வெளியிட்ட நூலைப் பற்றிப் படப்பிடிப்புக்கு முன்பே சொல்லியிருந்தார். ஹாலிவூட் படங்களில் இப்படிப்பட்ட பாத்திரங்கள் தற்கொலையிலோ கொலையிலோ முடிவதை ஒவ்வொரு படமாக எடுத்துக் காட்டிய நூல் அது. எங்கள் பையன் மறுநாள் பீலிக்கரையில் முகம் கழுவுகிறான். சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கு அதில் வருத்தமில்லை.

மடுவத்தைத் திறந்துவிட்ட தலைவருக்கும் நன்றி. 1998 டிசம்பரில் மும்பையில், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ படம் ஓடிய தியேட்டரை அடித்து நொறுக்கிய செய்தி அவருக்கு ஞாபகமிருந்தது. “கண்ணாடி ஒடஞ்சா நீதான் கட்டணும்” என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். ஒன்றும் உடையவில்லை. சட்டம் கேட்டு வருமோ என்று பயந்தவர்களுக்குப் பொறுமையாக விளக்கிய நுவரெலியாச் சட்டத்தரணி அக்காவையும் மறக்க முடியாது. 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றத் தீர்மானம் வந்தது. எப்படியிருந்தாலும் ஒருவனை அடிக்க எந்தச் சட்டமும் யாருக்கும் அனுமதி தரவில்லை என்று அக்கா சொன்னதை இரண்டு தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள்.

பாதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போன அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த நாள் கடையடியில் என்னை நிறுத்தி, “அடிக்கிறது தப்புதான். அத படமா எடுக்கணுமா?” என்று கேட்டீர்கள். முதல் பாதியைச் சத்தமாகச் சொன்னதற்கு நன்றி. இரண்டாம் பாதிக்கு நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசலாம்.

அடுத்து பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். டீச்சர், புரொஜெக்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதுவரை வைத்துக்கொள்கிறேனே?