சாஸ் பதம் வேறு, ஜாம் பதம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காந்தளூர், வட்டவடைப் பக்கம் ஸ்ட்ராபெரி பறிக்கும் மாதங்களில் மறையூர் வழியாகப் போகிறவர்கள் இரண்டு டப்பா வாங்காமல் போவதில்லை. சின்னாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மலையிறங்கி உடுமலை வெயிலுக்குள் நுழைவதற்குள், டப்பாவின் அடியில் இருக்கும் பழம் நசுங்கிச் சாறு விட ஆரம்பித்துவிடுகிறது. மறுநாள் பாதி குப்பைக்குப் போகிறது. இதே பழத்தை வீட்டிலேயே ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாஸாக்கிவிடலாம். அடுப்பு வேலை கால் மணி நேரம்தான்.

ஆனால் பத்திரிகைச் சமையல் பகுதிகளில் வரும் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும் பழுப்பேறிய ஒரு களி. பழத்தின் மேல் தப்பில்லை. சாஸை ஜாம் போலக் காய்ச்சுகிறார்கள், அதுதான் கோளாறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன்.

ஜாம் சர்க்கரையின் பலத்தில் நிற்பது. கரைந்த திடப்பொருள், அதாவது பெரும்பகுதி சர்க்கரை, 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அவ்வளவு சர்க்கரை இருப்பதால்தான் பூசணமும் ஈஸ்ட்டும் அதில் எளிதில் வளர்வதில்லை. சாஸில் இருப்பது ஏறக்குறைய அதில் பாதி. ஆகவே அது இளகி ஓடும், பழத்தின் வாசம் அதில் தங்கும், ஆனால் வெளியில் வைத்தால் கெட்டுப்போகும். இந்த மூன்றும் சேர்ந்தேதான் வரும். ஓடவும் வேண்டும், அலமாரியில் ஆறு மாதம் நிற்கவும் வேண்டும் என்றால் இந்த முறையில் நடக்காது.

அரை கிலோ பழத்துக்கு அளவு இது: காம்பு நீக்கிய ஸ்ட்ராபெரி 500 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100 கிராம் (200 கிராம் பிடிக்கும் கப்பில் அரைக் கப்), எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு ஏற்கெனவே தண்ணீர்தான். முடிவில் சுமார் 400 மில்லி சாஸ் கிடைக்கும். பழம் புளிப்பாக இருந்தால் சர்க்கரையை 125 கிராம் வரை கூட்டலாம்.

பழத்தைக் காம்போடு ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் பரப்பி ஈரம் உலர்ந்த பிறகுதான் காம்பைக் கிள்ள வேண்டும். முதலில் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். நசுங்கிய பழம், கனிந்து குழைந்த பழம் எல்லாம் சேரலாம். பூசணம் பிடித்த பழம் மட்டும் சேரவே கூடாது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் தவறு. இவ்வளவு மென்மையான பழத்தில் பூசணம் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். தோள்பக்கம் வெளுத்த பழம் நான்கைந்து இருந்தால் பரவாயில்லை. முழுக்க அதுவே என்றால் வாங்க வேண்டாம். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு நிறம் கொஞ்சம் ஏறலாம், இனிப்பு ஏறாது.

350 கிராம் பழத்தை நாலாக நறுக்கிச் சர்க்கரையோடு பிசிறி அரை மணி நேரம் மூடி வையுங்கள். மீதி 150 கிராமைச் சிறு துண்டுகளாக்கித் தனியே வையுங்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் சர்க்கரை கரைந்து, பழம் தன் சாற்றிலேயே மிதக்கும். இந்த அரை மணியைத் தவிர்த்துவிட்டு நேரே அடுப்பில் ஏற்றுகிறவர்கள்தான் அடிப்பிடிக்குமே என்று பயந்து அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வற்றவைக்க இருபது நிமிடம் காய்ச்சுகிறார்கள். நிறமும் வாசமும் போவது அந்த இருபது நிமிடத்தில்தான்.

பாத்திரம் அகலமாக, அடி கனத்த எவர்சில்வராக இருக்கட்டும். அகலம் கூடினால் நீர் சீக்கிரம் வற்றும். அலுமினியச் சட்டி, இரும்புச் சட்டி, ஈயம் பூசாத பித்தளை உருளி மூன்றும் ஆகாது. பழத்தின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும். சாஸில் நாக்கைக் கூசவைக்கும் சுவை வரும், சிவப்பும் மங்கும். குக்கரில் ஒரு விசில் விடுவது இன்னும் மோசம். நுரை பொங்கி வெயிட் வழியை அடைக்கக்கூடும். மூடிய பாத்திரத்தில் நீரும் வற்றாது.

மிதமான தீயில் வைத்துக் கொதி வந்ததும் நேரம் பாருங்கள். முதலில் இளஞ்சிவப்பு நுரை பெரிய பெரிய குமிழாகப் பொங்கும். அதைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்துவிடலாம். அரைத் தேக்கரண்டி வெண்ணெய் போட்டாலும் அடங்கும். மூன்றாவது நான்காவது நிமிடத்தில் பழத்துண்டுகள் வெளுத்துப்போகும். சாயம் முழுக்கச் சாற்றுக்குப் போயிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் பழம் கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். விட்டுவிடுங்கள், இன்னும் சில நிமிடத்தில் துண்டுகள் அந்தச் சிவப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆறாவது நிமிடத்தில் மத்தால் பாதி அளவுக்கு மசியுங்கள். எட்டாவது நிமிடம் தனியே வைத்த பழத்தையும் உப்பையும் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்குங்கள். மொத்தம் பத்து நிமிடம். கடைசியில் போட்ட பழம்தான் சாஸுக்கு வேகாத புதுப் பழத்தின் வாசத்தைக் கொடுக்கிறது. எலுமிச்சை புளிப்புக்கு மட்டுமல்ல, அந்தச் சிவப்பு நிறமி புளிப்பில்தான் பளிச்சென்று இருக்கும்.

இனி பதம். பாகு காய்ச்சிப் பழகியவர்கள் கம்பிப் பதம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். வேண்டாம். ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்த தட்டில் அரைக் கரண்டி விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு ஒரு கணம் நின்று மெல்ல மூடிக்கொண்டால் அதுதான் சாஸ் பதம். உடனே மூடினால் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். விரலால் தள்ளும்போது மேலே ஏடு சுருங்கினால் ஜாமுக்குப் போய்விட்டீர்கள். அடுப்பில் கொதிக்கும்போது அது ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். ஆறினால் இறுகும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் இறுகும்.

பதம் தப்பினாலும் சரிசெய்யலாம். இறுகிவிட்டால் இரண்டு மூன்று கரண்டி வெந்நீரும் சில சொட்டு எலுமிச்சையும் விட்டு ஒரு கொதி கொடுங்கள். நீர்த்திருந்தால் பழத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட வேண்டாம். பழத்தை வடித்தெடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் மூன்று நான்கு நிமிடம் வற்றவைத்து, பழத்தைத் திரும்பச் சேருங்கள்.

சோளமாவு கலக்கச் சொல்கிறார்கள். கேக்கின் மேல் நிற்கவேண்டிய சாஸ் என்றால் ஒரு தேக்கரண்டி மாவை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் சாற்றில் ஊற்றி ஒரு நிமிடம் கொதிக்கவிடலாம். அதற்குக் குறைந்தால் பச்சை மாவு வாடை போகாது. மிகவும் காய்ச்சினால் புளிப்பில் மாவு உடைந்து மறுபடி நீர்க்கும். மாவு சேர்த்த சாஸை ஃப்ரீசரில் வைத்தால் வெளியே எடுக்கும்போது பஞ்சும் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். என் கருத்தில், பழம் நன்றாக இருந்தால் மாவு தேவையே இல்லை. மிக்ஸியும் தேவையில்லை. அடித்தால் காற்றுப் புகுந்து, நல்ல சிவப்பு வெளிறிய ரோஸ் நிறமாகிவிடும். விதை பிடிக்காதவர்கள் கம்பி வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்துக்கொள்ளலாம்.

மறையூர்ச் சர்க்கரை ஊரில் கிடைக்கும்போது வெள்ளைச் சர்க்கரை எதற்கு என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல வெல்லம்தான் அது. ஆனால் வெல்லத்தின் நிறமும் மணமும் ஸ்ட்ராபெரியை அமுக்கிவிடும். வெல்லம் காய்ச்சும்போது அழுக்கு எடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். அந்தச் சுண்ணாம்பு பழத்தின் புளிப்பைக் குறைத்துச் சிவப்பை மங்கச் செய்யும். நாவல்பழம், மல்பெரி போன்ற கருத்த பழங்களுக்கு வெல்லம் பொருந்தும், ஸ்ட்ராபெரிக்கு வேண்டாம்.

மற்றப் பழங்களுக்கும் இதே முறைதான், சிற்சில மாற்றங்களோடு. மல்பெரியில் நடுக்காம்பைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். புளிப்பு குறைவென்பதால் எலுமிச்சையை இரண்டு மேசைக்கரண்டியாக்குங்கள். களாப்பழத்தைக் கீறி, விதையையும் பிசுபிசுப்பான பாலையும் நீக்கிக் கழுவிவிட்டு வேகவைக்க வேண்டும். அதில் பெக்டின், அதாவது இறுகவைக்கும் சத்து, நிறைய உண்டு. ஸ்ட்ராபெரியில் அது குறைவு. ஆகவே களாவுக்கு மட்டும் அரை கிலோவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம், சர்க்கரையும் 200 கிராம் வேண்டும், எலுமிச்சை வேண்டாம். தண்ணீர் இல்லாமல் காய்ச்சினால் கத்தியால் வெட்டும் அளவுக்கு உறைந்துவிடும்.

மலையில் இருக்கும் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஜாமுக்கு 105 டிகிரி வரவேண்டும் என்பது கடல்மட்டக் கணக்கு. மூணாறில் அது 100 டிகிரிதான். வெப்பமானியைப் பார்த்து 105-க்குக் காத்திருப்பவர்களுக்கு மிட்டாய்தான் கிடைக்கும். சாஸுக்குத் தட்டுச் சோதனையே போதும், வெப்பமானி வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலைச் சுத்தப்படுத்தும்போது மட்டும் உயரத்தை மறக்கக் கூடாது. சமவெளியில் பத்து நிமிடம் கொதிநீரில் மூழ்கியிருந்தால் போதும், மூணாறு உயரத்தில் பதினைந்து நிமிடம் வேண்டும்.

சூடான பாட்டிலில் சூடான சாஸை ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாராளமாக இருக்கும், பத்து நாளைத் தாண்ட வேண்டாம். உலர்ந்த கரண்டிதான் உள்ளே போகலாம். சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்தவர்கள் நான்கு நாளில் முடித்துவிட வேண்டும். அதிகம் செய்தால் ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கிப் பையில் போட்டு ஃப்ரீசரில் மூன்று மாதம் வைக்கலாம். பாட்டிலோடு உறையவைப்பதானால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், உறையும்போது விரிந்து கண்ணாடி வெடிக்கும். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் குமிழி கிளம்பிக் கள் வாசம் வந்தாலோ புளித்துவிட்டது என்று அர்த்தம். திரும்பக் கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆப்பத்துக்கும் தயிருக்கும் இது அருமையாகச் சேரும். சூடான பாலில் மட்டும் கலக்காதீர்கள், திரிந்துவிடும். பாலும் சாஸும் இரண்டுமே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், குடிக்கப்போகும் நேரத்தில்தான் கலக்க வேண்டும்.

சுற்றுலா வழிகளில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று எழுதிய பாட்டில்கள் வெயிலில் அடுக்கி விற்கப்படுகின்றன. வாங்குகிறவர்கள் பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். சாஸ் போல ஓடுகிறது, ஃப்ரிட்ஜிலும் இல்லை என்றால், அதில் பதப்படுத்தும் மருந்து இருக்கக்கூடும். அந்த மருந்தின் பெயரும் தயாரித்த தேதியும் லேபிளில் இருக்கிறதா என்று கேட்பது வாங்குகிறவரின் உரிமை. இல்லையென்றால் வாங்காமல் வருவதே நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு கோரிக்கை. சமையல் குறிப்புகளில் ‘சர்க்கரை தேவையான அளவு’, ‘கெட்டியாகும் வரை கிளறவும்’ என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். கொழுக்கட்டைக்கும் குழம்புக்கும் கைப்பழக்கம் போதும், தலைமுறையாகச் செய்து வருகிறோம். ஸ்ட்ராபெரி நம் அடுப்புக்குப் புதிது. பழத்தின் எடை, சர்க்கரையின் எடை, எந்தப் பாத்திரம், கொதி வந்த பிறகு எத்தனை நிமிடம், எங்கே எத்தனை நாள் வைக்கலாம் ஆகிய ஐந்தும் இல்லாத குறிப்பை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, எழுதி வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மறையூர், இடுக்கி மாவட்டம்